சுருதியை இறக்கினார்... நாயனம் மேடையேறியது! - ராஜரத்தினம் பிள்ளையின் கதை

ஒரு சின்னக் கேள்வி. கடைசியாக நீங்கள் போன கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசித்தவரின் முகம் ஞாபகம் இருக்கிறதா?

எனக்கும் இருந்ததில்லை, போன வைகாசி வரைக்கும்.

தாராபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம். மாப்பிள்ளைக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து நேராக மண்டபத்துக்கு வந்த நண்பர்களில் பாதிப் பேர் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் போனில். மேடைக்குப் பக்கத்தில், ஏர் கூலருக்கும் சீர்த்தட்டு வரிசைக்கும் நடுவில் மிச்சமிருந்த இடத்தில் மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். போனுக்கு சார்ஜ் போட பிளக் பாயின்ட் தேடிப் போன நான், அவர்கள் பக்கத்தில் போய் மாட்டிக்கொண்டேன்.

வாசிக்க ஆரம்பிக்கும் முன்னால் நாதஸ்வரக்காரர் ஒரு காரியம் செய்தார். குழலின் அடிப்பக்கம் இருந்த ஓர் ஓட்டையில் துளி மெழுகை வைத்து விரலால் அழுத்தினார். ஊதிப் பார்த்தார். திருப்தி இல்லை. கொஞ்சம் மெழுகைச் சுரண்டி எடுத்தார். மறுபடியும் ஊதினார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த சுருதிப் பெட்டியின் ஒலியோடு நாதஸ்வரத்தின் ஒலி ஒட்டிக்கொண்டது. எது பெட்டி, எது குழல் என்று ஒரு நொடி தெரியவில்லை. எனக்குக் கையில் சிலிர்த்துவிட்டது.

எத்தனை கட்டை என்று கேட்டேன். ரெண்டு என்று விரலைக் காட்டினார். ஏன் ரெண்டு என்று அடுத்த கேள்வி கேட்டதும், சொந்தத் தாத்தா பெயர் தெரியாத பேரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அது ராஜரத்தினம் பிள்ளை போட்டுக் கொடுத்த பாதை கண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டு, சீவாளியை உதட்டில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தேன். ஊர் வந்தும் இறங்க மனசில்லை. ஒரு வாத்தியத்தின் சுருதியை இறக்கியதன் மூலம், அதை வாசிக்கிறவர்களின் தலையை நிமிர வைத்த ஒரு மனிதரின் கதை அது. உங்களுக்கும் சொல்லியே ஆகணும்.

முதலில், கட்டை என்றால் என்ன?

பயப்படாதீங்க, பாடம் எடுக்கப்போவதில்லை. ஆர்மோனியத்தையோ, போனில் இருக்கும் பியானோ ஆப்பையோ திறந்துகொள்ளுங்கள். முதல் வெள்ளைக் கட்டையை 'ஸ' என்று வைத்துக்கொண்டு பாடினால் அது ஒரு கட்டை சுருதி. அடுத்த வெள்ளைக் கட்டையில் ஆரம்பித்தால் ரெண்டு கட்டை. எண் ஏற ஏற, ஒலி கூர்மையாகி மேலே போகும். கச்சேரி பாடும் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையிலிருந்து ரெண்டு கட்டைக்குள் பாடுவார்கள்.

அந்தக் காலத்து நாதஸ்வரமோ நாலு கட்டை, அஞ்சு கட்டையில் இருந்தது. குட்டையான குழல். அதன் பெயர் திமிரி. பெயரிலேயே ஒரு திமிர் தெரியுது இல்லையா? சத்தமும் அப்படித்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்தால் கோயிலின் நாலு வீதிக்கும் கேட்கணும். தவில் இடிக்கிற இடியைத் தாண்டிக் கேட்கணும். கூட்டம், வெடி, மணிச் சத்தம் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு போக வேண்டுமென்றால் ஒலி கூர்மையாக இருக்க வேண்டும். குழல் குட்டையாக இருந்தால் உள்ளே அதிர்கிற காற்றும் குட்டை. அதனால் சுருதி மேலே ஏறும். தெருவுக்காகப் பிறந்த வாத்தியத்துக்குத் திமிரி சரியான அளவுதான்.

ஆனால், அதே அளவு அதற்கு ஒரு வேலியாகவும் ஆனது. திமிரியைத் தெருவில் கேட்கலாம், கோயில் மண்டபத்தில் கேட்கலாம். நாலு சுவருக்குள் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கேட்க முடியுமா? காது தாங்காது. அதனால் சபா மேடை பாட்டுக்கும் வீணைக்கும் வயலினுக்கும் போனது. நாதஸ்வரம் வாசலில் நின்றது. வாசித்தவர்களும் வாசலில் நின்றார்கள்.

நின்றார்கள் என்பதை அப்படியே நேரடியாக எடுத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரக்காரர் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். சட்டை போடக் கூடாது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும். சங்கீத ஞானத்தில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஒரே ராகத்தை இரவு முழுக்க விரித்து வாசிக்கிறவர்கள். ஆனாலும் பாடகருக்கு ஜமுக்காளம் விரித்த மேடை, இவர்களுக்குத் தெரு. சாதிதான் அந்தக் கோட்டைப் போட்டு வைத்திருந்தது.

இந்த உலகத்துக்குள்தான் அந்தப் பையன் பிறந்தான்.

திருமருகல் பையன்

1898 ஆகஸ்ட் 27. நாகப்பட்டினம் பக்கத்துத் திருமருகல். குப்புசாமிப் பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் பிறந்த குழந்தைக்கு வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். ராஜரத்தினம் என்பது பின்னால் வந்த பெயர்.

சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மாவின் அண்ணன் தம்பி வழியில் கிடைத்த ஆதரவுதான் பையனுக்குக் கரை. தாய்மாமா திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாதஸ்வர வித்வான். திருவாவடுதுறை ஆதீனத்தில் வாசித்தவர். அவர் பையனைத் தன் பிள்ளையாகவே எடுத்து வளர்த்தார். டி.என். என்ற இரண்டு எழுத்துகளில் முதல் எழுத்து திருவாவடுதுறை, இரண்டாவது எழுத்து அந்த நடேச பிள்ளை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பையன் முதலில் கற்றுக்கொண்டது நாதஸ்வரம் இல்லை, வாய்ப்பாட்டு. திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் பாட்டு கற்றான். அவர் யார் தெரியுமா? அந்தக் காலத்தின் மிகப் பெரிய வயலின் வித்வான்களில் ஒருவர். வில்லை இழுத்து ஒரு ஸ்வரத்தை நீளமாக, அறுபடாமல் நிறுத்துகிறவரிடம் பாட்டுப் பயின்ற காது அது. அதற்குப் பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாதஸ்வரம்.

ராஜரத்தினத்தின் வாழ்க்கை முழுக்க இந்த வரிசை வேலை செய்தது. பாட்டாகக் கற்றதைக் குழலில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அவர் போட்டுக்கொண்ட கணக்கு. குரல் குழைகிற இடத்தில் குழலும் குழையணும். குரல் ஒரு மூச்சில் நிற்கிற இடத்தில் குழலும் நிற்கணும். கையில் இருந்த திமிரியோ கத்தத் தெரிந்த அளவுக்குக் கொஞ்சத் தெரியாதது.

வேறு யாராக இருந்தாலும் வாத்தியம் அப்படித்தான் என்று விட்டிருப்பார்கள். இவர் வாத்தியத்தை மாற்றணும் என்று கிளம்பினார்.

நரசிங்கம்பேட்டையில் ஓர் ஆசாரி

திருவாவடுதுறைக்கு அடுத்தாற்போல நரசிங்கம்பேட்டை. கும்பகோணம் - மயிலாடுதுறை வழியில் பஸ்ஸில் போனால் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும் ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் கடைகிற குடும்பங்கள் உண்டு. அவர்களில் ஒருவர் ரங்கநாதன் ஆசாரி.

அவர்கள் நாதஸ்வரம் செய்வது ஆச்சா மரத்தில். அதுவும் புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் மாதிரி பல ஆண்டுகள் காய்ந்து, ஈரமெல்லாம் போய், இனி வளையாது, வெடிக்காது என்று நிரூபித்த மரம்தான் வேணும். ஒரு காலத்தில் யாருடைய வீட்டையோ தாங்கிய மரம், இப்போது ஒரு ராகத்தைத் தாங்கும்.

நாதஸ்வரத்தின் உடம்பையும் சின்னதாக அறிமுகப்படுத்திவிடுகிறேன். வாயில் வைப்பது சீவாளி. நாணல் வகைத் தட்டையில் செய்வது. அதை மாட்டுகிற சின்ன உலோகக் குழாய் கெண்டை. நீளமான மர உடம்பு உலவு. அடியில் புனல் மாதிரி விரிவது அணசு. விரல் வைக்க ஏழு ஓட்டை. அதற்குக் கீழே, விரல் போகாத இடத்தில் இன்னும் ஐந்து. தாராபுரத்தில் நான் பார்த்த மெழுகு வித்தை இந்த ஐந்து ஓட்டைகளில்தான். எதை எவ்வளவு அடைக்கிறோம் என்பதைப் பொறுத்து சுருதி நூலளவு நகரும். கிடாருக்கு முறுக்காணி மாதிரி, இதற்கு மெழுகு!

மெழுகால் நூலளவுதான் நகர்த்த முடியும். நாலு கட்டையை ரெண்டு கட்டைக்கு இறக்க மெழுகு போதாது. குழலே நீளமாக வேண்டும்.

நீளமாகக் கடைந்தால் முடிந்தது என்று நினைக்கிறீர்களா? திருப்பூர் பக்கம் யாராவது கட்டிங் மாஸ்டர் தெரிந்தால் கேளுங்கள். எஸ் சைஸ் டி-ஷர்ட்டின் நீளத்தை மட்டும் கூட்டினால் எக்ஸ்எல் ஆகாது. தோள், கழுத்து, கை எல்லாம் சேர்ந்து மாறணும். ஒன்றை விட்டாலும் பீஸ் ரிஜெக்ட். குழலும் அப்படித்தான். நீளம் கூடினால் உள் துவாரத்தின் அகலம், ஏழு ஓட்டைகளும் இருக்கும் இடம், ஒவ்வொன்றின் அளவு, அணசின் விரிவு, சீவாளியின் அகலம் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்கணும். அதே நேரத்தில் மனுஷ விரல் எட்டுகிற தூரத்தைத் தாண்டவும் கூடாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய குழல்களில் மத்யமம் தொல்லை கொடுத்தது. அதாவது ஸ ரி க ம வில் வரும் 'ம'. சுத்த மத்யமம் சுத்தமாக நிற்காது. வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் அதைப் பிடித்து இழுத்துச் சரிசெய்ய வேண்டும். ராஜரத்தினத்தின் உயிர் ராகம் தோடி. தோடிக்கு வேண்டியது அந்தச் சுத்த மத்யமம்தான். தன் ராகத்தின் நடு வாசலே கோணலாக இருக்கும் வீட்டில் எவ்வளவு நாள் குடியிருப்பார்?

ஒருத்தர் கடைவார், இன்னொருத்தர் ஊதிப் பார்ப்பார். ராஜரத்தினத்தின் காதும் ரங்கநாதன் ஆசாரியின் கையும் சேர்ந்து செய்த வேலை அது. திமிரியிலிருந்து இடைப்பாரி, அதிலிருந்து பாரி என்று நாதஸ்வரத்தின் சுருதி கீழே இறங்கியது. சுமார் இரண்டரை அடி நீளக் குழல். ரெண்டு, ரெண்டரைக் கட்டை சுருதி. 'ம' வும் நின்றது. இன்றைக்கு நீங்கள் எந்தக் கல்யாணத்தில் கேட்டாலும் பெரும்பாலும் அது இந்தப் பாரி நாயனம்தான்.

இறக்கினால் என்ன கிடைக்கும்?

நியாயமான கேள்வி. வாத்தியத்தை ரெண்டு கட்டை கீழே இறக்கியது இவ்வளவு பெரிய விஷயமா?

இங்கே உங்களைக் கொஞ்சம் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிறேன். டபுள் பாஸ் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரத்துக்கு மேல், வயலினின் பெரியப்பா மாதிரி நிற்கும். மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் பின்னால் நின்று அடித்தளம் போடுவது அதன் வேலை. முன்னால் வந்து தனியாக வாசிக்க வேண்டிய நாள் வந்தால், அதை வாசிப்பவர்களில் பலர் ஒரு தந்திரம் செய்வார்கள். வழக்கமாக இ, ஏ, டி, ஜி என்று கட்டும் நாலு தந்திகளையும் ஒரு முழு ஸ்வரம் மேலே ஏற்றி, எஃப் ஷார்ப், பி, இ, ஏ என்று கட்டுவார்கள். இதற்கென்றே மெல்லிய தந்தி விற்கிறார்கள். அதன் பெயரே சோலோ டியூனிங். நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஒரு கட்டை உயர்வு. தந்தி இறுகும், ஒலி பளிச்சென்று ஆகும், பின்வரிசை வாத்தியம் முன்வரிசைக் குரலைப் பெறும்.

அவர்கள் ஏற்றினார்கள், இவர் இறக்கினார். திசை எதிரெதிர். நோக்கம் ஒன்றே. கூட்டத்துக்குள் ஒரு வேலைக்காக வைக்கப்பட்ட வாத்தியத்தைத் தனியாகப் பேச வைப்பது. டபுள் பாஸ் காதில் விழாமல் போய்விடுமோ என்பது அவர்கள் பயம். நாதஸ்வரம் காதைத் துளைத்துவிடுமே என்பது இவர் கவலை.

சுருதி இறங்கியதும் மூன்று விஷயங்கள் நடந்தன.

ஒன்று, ஒலியின் நிறம் மாறியது. கூர்மை போய்க் கனம் வந்தது. அதே வாத்தியத்துக்குள் ஓர் ஆண் குரல் குடிவந்த மாதிரி.

இரண்டு, விரலுக்கு இடம் கிடைத்தது. நாதஸ்வரத்தில் நடு ஸ்வரங்களைக் கொண்டுவருவது, புல்லாங்குழல் மாதிரி ஓட்டையை அரைவாசி, கால்வாசி மூடுவதால் இல்லை, ஊதுகிற காற்றின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால்தான். குட்டைக் குழலில் ஓட்டைகள் நெருக்கம். நீளக் குழலில் அவை விலகி நிற்கும். அந்த இடைவெளியில் விரலும் மூச்சும் சேர்ந்து, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தேன் ஒழுகுவதுபோலப் போகலாம்.

மூன்று, பாடகரின் சுருதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால், பாட்டுக் கச்சேரியின் துணைகளும் கூட வரலாம். அதுவரை நாதஸ்வரத்துக்குச் சுருதி கொடுத்தது ஒத்து. பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், விரல் ஓட்டை கிடையாது, ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டே இருப்பது. அந்த இடத்துக்கு ராஜரத்தினம் தம்புராவைக் கொண்டுவந்தார். தம்புராவின் மெல்லிய ரீங்காரத்துக்கு மேலே நாதஸ்வரம்! திமிரி காலத்தில் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு விலையும் உண்டு. நீளக் குழலுக்கு மூச்சு அதிகம் வேணும். விரல் அகலமாக விரியணும். சின்ன வயதில் திமிரியில் பழகியவர்கள் பாரிக்கு மாறத் திணறியிருப்பார்கள். தெருவைக் கிழித்துக்கொண்டு போகும் அந்தப் பழைய சத்தமும் மெல்ல மெல்ல நம் காதிலிருந்து போய்விட்டது. ஒன்றை வாங்கினால் ஒன்றைக் கொடுக்கத்தானே வேணும்?

உட்கார்ந்தார்!

வாத்தியம் மேடைக்குத் தயாராகிவிட்டது. வாசிப்பவரை மேடை ஏற்ற வேண்டுமே?

அதற்கும் அவர் யாரிடமும் மனு கொடுக்கவில்லை. பாடகர் உட்கார்ந்து பாடுகிறாரா, நானும் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். இல்லை, உட்கார்ந்தார்! குடுமியை எடுத்துவிட்டு கிராப் வைத்தார். சட்டை போடக் கூடாது என்று இருந்த தொழிலில் சில்க் சட்டை போட்டார், கோட்டுப் போட்டார், ஷூ போட்டார். காதில் வைரக் கடுக்கன், விரலில் மோதிரம். காரில் வந்து இறங்கினார். கொடுக்கிறதைக் கொடுங்கள் என்று கை நீட்டிய தொழிலில், இவ்வளவு கொடுத்தால் வருகிறேன் என்று சொன்னார்.

பணக்காரப் பந்தா என்று இதை இன்றைக்கு நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால், சட்டை போடுவதே தப்பு என்று சொன்ன ஊரில் ஒருத்தர் கோட்டுப் போட்டு வந்து நின்றால், அது வெறும் ஃபேஷனா? முதல் தலைமுறையாக வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் நல்லதாக ஒரு ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். அந்த நடையின் அர்த்தம் உங்களுக்குத் தெரியும்.

கோபக்காரர் என்று பெயர் எடுத்தார். மரியாதை குறைந்தது என்று தோன்றினால் வாசிக்காமல் கிளம்பிவிடுவார் என்பார்கள். சொன்ன நேரத்துக்கு வராமல் போன கதைகளும் உண்டு. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி நடித்த சிக்கல் சண்முகசுந்தரத்தின் விறைப்பைப் பார்த்து ரசித்திருப்பீர்கள். ஒரு நாயனக்காரருக்கு அப்படி ஒரு விறைப்பு இருக்கலாம் என்று தமிழ்நாட்டை நம்ப வைத்தவர்களில் முதல் ஆள் ராஜரத்தினம். அவரைச் சகித்துக்கொள்வது எல்லா நேரமும் சுலபமாக இருந்திருக்காது. ஆனால், எத்தனையோ பேர் வாயில்லாமல் நின்ற இடத்தில், ஒருத்தராவது அதிகமாகப் பேச வேண்டியிருந்தது.

தோடி போன தூரம்

எந்த மிதப்பாக இருந்தாலும், சீவாளியை வாயில் வைத்ததும் எல்லாவற்றையும் மறக்க வைத்துவிடுவார். மின்னல் வேகத்தில் பிருகா உதிரும். அடுத்த நொடி ஒரே ஸ்வரத்தில் அசையாமல் நிற்பார். ஒரு ராகத்தை மணிக்கணக்கில், சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் விரிப்பார். முக்கியமாகத் தோடி. தோடி ராஜரத்தினம் என்றே மக்கள் சொல்லும் அளவுக்கு அந்த ராகத்தின் மேல் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

கிராமபோன் தட்டு வந்தது. அதில் அவர் தோடி பதிவானது. இங்கே ஒரு சோகமும் ஒளிந்திருக்கிறது. அந்தக் காலத்துத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் அடங்கும். இரவு முழுக்க ஓடும் ஆற்றை ஒரு சொம்பில் பிடித்த கதை. ஆனாலும் அந்தச் சொம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள் ஊர் ஊராக அவரைத் தேடினார்கள். ரீல்ஸ் யுகத்தில் இருக்கும் நமக்கு இது புரியும். மூன்று நிமிஷத்துக்குள் உலகத்தைக் காட்டணும் என்ற கட்டாயம் அவருக்கும் இருந்தது, அவர் காட்டினார்.

1940ல் சினிமாவிலும் நடித்தார். எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் கவி காளமேகமாக வந்தது அவர்தான். தெருவில் நின்று வாசிக்க வேண்டிய ஒருவர், தியேட்டர் திரையில் கதாநாயகன்!

1947 ஆகஸ்ட். நாடு விடுதலை பெறும் நேரம். திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து டெல்லிக்கு ஒரு குழு போனது. அதோடு ராஜரத்தினமும் போனார். சுதந்திரம் பிறந்த அந்தப் பொழுதில் டெல்லியில் காவிரிக்கரை நாதஸ்வரம் ஒலித்தது. கோயில் வாசல்வரைதான் உனக்கு இடம் என்று சொல்லப்பட்ட வாத்தியம், ஒரு தேசத்தின் வாசலில் மங்கல இசை வாசித்தது.

நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்ற பட்டம் அவர் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது.

சக்கரவர்த்தியின் கடைசி

சம்பாதித்தார். அதைவிட வேகமாகச் செலவழித்தார். கையில் வந்தது நிற்கவில்லை. உடம்பையும் பார்த்துக்கொள்ளவில்லை. 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் இறந்துபோனார். வயது 58.

மூச்சை முதலீடாக வைத்துப் பிழைத்த மனிதருக்கு 58 ரொம்பக் குறைவு. ஆனால், அவர் விட்டுப்போனது சொத்துக் கணக்கில் வராத விஷயம். அவருக்குப் பிறகு வந்தவர்கள் உட்கார்ந்து வாசிப்பதா, நின்று வாசிப்பதா என்று சண்டை போட வேண்டியிருக்கவில்லை. அவர் சீடர் காருக்குறிச்சி அருணாசலம், குருவின் வழியைத் திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுபோனார். 1962ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா' பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டுக்கொண்டு இழையும் அந்த நாதஸ்வரம் காருக்குறிச்சியாருடையது. குரலும் குழலும் அக்கா தங்கை மாதிரி பேசிக்கொள்ளும். பாட்டைக் குழலில் கொண்டுவர வேண்டும் என்ற அந்தத் திருமருகல் பையனின் கணக்கு, சீடர் கையில் தீர்ந்த இடம் அது.

கொங்குப் பக்கமும் இந்தப் பாரி வந்து சேர்ந்தது. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் என்ற பெரிய வித்வான் நம் பக்கத்துக்காரர்தான். தாராபுரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் அமராவதி, கரூர் பக்கம் போய்க் காவிரியில் கலந்து, தஞ்சாவூர்ச் சீமைக்குப் போகிறது. நம் ஆற்றுத் தண்ணீர் அங்கே போகிறது. அந்த ஊர் நாதம் இங்கே வருகிறது. கணக்கு சரியாகத்தான் இருக்கு.

2022ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ரங்கநாதன் ஆசாரியைப் போன்றவர்களின் கைக்குக் கிடைத்த மரியாதை அது. ஆனால், பழைய ஆச்சா மரம் கிடைப்பது வரவரக் கஷ்டமாகிவருகிறது. உளி பிடிக்க அடுத்த தலைமுறை வருமா என்ற கேள்வியும் அந்தத் தெருவில் இருக்கிறது.

அடுத்த கல்யாணத்தில்...

மறுபடி தாராபுரம் மண்டபத்துக்கு வருகிறேன்.

கெட்டிமேளம் முடிந்தது. தாலி கட்டியாச்சு. எல்லாரும் மேடையை நோக்கி ஓடினார்கள், போட்டோவுக்கு. அப்புறம் பந்திக்கு. அந்த நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துடைத்து, கயிற்றில் தொங்கிய மற்ற சீவாளிகளோடு சேர்த்துக் கட்டினார். யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏர் கூலரை நகர்த்த வந்த பையன் அவரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னான். அவர் எழுந்து நின்றார்.

பஸ்ஸில் வரும்போது, ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, எனக்குத் திரும்பத் திரும்ப அந்தக் காட்சிதான் வந்தது. ஒருத்தர் ஆயுசு முழுக்கப் போராடி நாதஸ்வரத்தை உட்கார வைத்தார். நாம் ஒரு ஏர் கூலருக்காக அதை எழுப்பிவிட்டோம். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் உங்களிடம் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். இன்றைக்கு ராத்திரி தூங்கப்போகும் முன், ஹெட்போன் போட்டுக்கொண்டு யூடியூபில் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தேடிக் கேளுங்கள். பழைய தட்டு, கரகரவென்று சத்தம் வரும். முதல் முப்பது நொடி பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உங்களுக்கே தெரியும். அடுத்து 'சிங்கார வேலனே'. இரண்டையும் கேட்டுவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போங்கள்.

போனதும் மேளக்காரர்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். அவர் மெழுகை அழுத்துவதைப் பாருங்கள். முடித்ததும், இன்றைக்கு எத்தனை கட்டை அண்ணா என்று கேளுங்கள். யாராவது ஏர் கூலரை நகர்த்த வந்தால், வேறு பக்கமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.